மரவுருவின் மையமும் அதனைக் காணும் படிமுறைகளும்

முன்னுரை

ஒரு நூலுக்குச் சுவடிகள் பல கிடைக்குமிடத்து, அவற்றுள் எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்று துணிதல் பதிப்பாசிரியரின் முதற்கடன். அத்துணிவைப் படமாக வரையின், அது கிளைகள் பிரிந்து செல்லும் ஒரு மரமாக அமையும். சுவடிகளின் பாட வேறுபாடுகளை எண்ணி, எவை தம்முள் நெருங்கியவை, எவை விலகியவை என்று கணித்து இம்மரத்தை ஒருவாறு வரைந்துவிடலாம். ஆயின், அங்ஙனம் வரைந்த மரத்தின் வேர் எங்குள்ளது என்பதை அவ்வெண்ணிக்கை மட்டும் சொல்லாது. இரு சுவடிகளுக்கிடையே முப்பது வேறுபாடுகள் உள்ளன என்றால், முதற்சுவடி இரண்டாவதற்குத் தாயாயினும், இரண்டாவது முதலாவதற்குத் தாயாயினும், இரண்டும் வேறொரு தாயின் வழியினவாயினும், அம்முப்பது மாறுவதில்லை. அப்படியானால் வேரற்ற மரத்தில் வேரை எங்கே ஊன்றுவது? இவ்வினாவிற்கு இக்கால ஆய்வுலகில் வழங்கும் விடைகளுள் ஒன்று, ‘மரத்தின் மையத்தில் ஊன்றுக’ என்பதாகும்.

மையம் என்பது யாது? அதனைப் பிழையின்றியும் விரைவாகவும் காண்பது எவ்வாறு? கண்ட மையத்தை மூலம் எனக் கொள்ளுதல் எத்துணை பொருந்தும்? இம்மூன்று வினாக்களையும் முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலிரண்டும் கணித நூலார்க்கு உரியவை; மூன்றாவது பதிப்பாசிரியர்க்கு உரியது. முன்னவற்றைத் தெளிவுறக் கல்லாமல் பின்னதற்கு விடை கூறுதல் இயலாது. ஆதலின், கணிதம் பயிலாதாரும் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு தொடர்ந்து வருமாறு இப்பொருள் ஈண்டு விளக்கப்படுகின்றது.

1. மரம் என்னும் கோட்டுரு

புள்ளிகள் சிலவற்றை இட்டு, அவற்றுள் சிலவற்றைக் கோடுகளால் இணைத்தால் கிடைப்பது கோட்டுரு எனப்படும். புள்ளியை முனை என்றும், இணைக்கும் கோட்டை விளிம்பு என்றும் வழங்குவர். கோட்டின் நீளமோ வளைவோ ஈண்டுப் பொருளன்று. எதனோடு எது இணைந்துள்ளது என்பதே பொருள். ஒரு முனையிலிருந்து வேறெம்முனைக்கும் செல்ல வழியிருந்து, அவ்வழி ஒன்றே ஒன்றாகவும் இருக்குமாயின், அக்கோட்டுரு மரம் எனப்படும். வழி உண்டு என்பதனால் மரம் துண்டுபடாதது என்பதும், வழி ஒன்றே என்பதனால் அதனுள் சுழல் இல்லை என்பதும் பெறப்படும். மரத்தில் விளிம்புகளின் எண்ணிக்கை முனைகளின் எண்ணிக்கையினும் எப்பொழுதும் ஒன்று குறைவு. ஒரே விளிம்பு மட்டும் தொடும் முனை இலைமுனை. அதனைச் சுருக்கமாக இலை என்போம்.

இங்ஙனம் வரையறுக்கப்பட்ட மரத்திற்கு வேர் என்பதொன்று இல்லை என்பதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். எம்முனையைப் பிடித்துத் தூக்கினாலும் அம்முனையே வேராக, ஏனையவை அதனின்று தொங்கும். மரம் என்னும் பெயரை இப்பொருளில் வழங்கி, இவ்வுருக்களை 1857 ஆம் ஆண்டில் ஆராய்ந்தவர் ஆங்கிலக் கணித அறிஞர் ஆர்தர் கேலி ஆவார். அவருக்குப் பின், 1869 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் காமிய் ஜோர்தான் கோடுகளின் தொகுதிகளைப் பற்றிய தம் கட்டுரையில், ஒவ்வொரு மரத்திற்கும் தனக்கே உரிய ஒரு நடுவிடம் உண்டு என்பதனை நிறுவினார். மையம் பற்றிய ஆராய்ச்சி அக்கட்டுரையினின்றே தொடங்குகின்றது.

2. மையத்தின் இலக்கணம்

இரு முனைகளுக்கு இடையேயுள்ள வழியில் எத்தனை விளிம்புகள் உள்ளனவோ அத்தனை அவற்றின் தொலைவு. ஒரு முனையிலிருந்து மிகத் தொலைவிலுள்ள முனைக்குரிய தொலைவை அம்முனையின் எல்லைத்தொலைவு என்போம். எல்லைத்தொலைவு மிகக் குறைந்த முனையே மையம். அக்குறைந்த அளவு மரத்தின் ஆரம் எனவும், எல்லைத்தொலைவுகளுள் மிகப் பெரியது விட்டம் எனவும் பெயர் பெறும்.

இவ்விலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாகப் பன்னிரண்டு முனைகளையுடைய மரமொன்றைக் கொள்வோம். முனைகளுக்கு உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் பெயராக இடுக. ‘அ’ முதல் ‘எ’ ஈறாக உள்ள ஏழும் நெடுங்கணக்கு வரிசைப்படியே ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. அவ்விணைப்பில் விளிம்புகள் ஆறு. ‘ஐ’ என்னும் முனை ‘ஈ’யோடு இணைந்துள்ளது. எஞ்சிய ‘ஏ’, ‘ஒ’, ‘ஓ’, ‘ஔ’ என்னும் நான்கும் ‘உ’வோடு தனித்தனியே இணைந்துள்ளன. ஆக விளிம்புகள் பதினொன்று.

இம்மரத்தில் ‘அ’விலிருந்து ‘எ’ வரை செல்லும் வழியே மிக நீண்டது. அதன் நீளம் 6. ஆதலின் ‘அ’, ‘எ’ ஆகிய இரண்டின் எல்லைத்தொலைவும் 6 ஆகும். ‘ஆ’, ‘ஊ’, ‘ஏ’, ‘ஒ’, ‘ஓ’, ‘ஔ’ ஆகிய ஆறற்கும் 5. ‘இ’, ‘உ’, ‘ஐ’ ஆகிய மூன்றற்கும் 4. ‘ஈ’ ஒன்றற்கே 3. எனவே ‘ஈ’ மையம், ஆரம் 3, விட்டம் 6. விளிம்புகள் மிகுதியாகச் சேர்ந்துள்ள ‘உ’ மையமாகவில்லை என்பது கருதத்தக்கது. மையத்தைத் துணிவது கிளைகளின் பெருக்கம் அன்று, எட்டின் தொலைவே.

இலக்கணத்தை அவ்வாறே பின்பற்றி மையம் காணப் புகின், முனைகளின் இணைகள் ஒவ்வொன்றற்கும் தொலைவு கணித்தல் வேண்டும். பன்னிரண்டு முனைகளுக்கு 66 இணைகள். இது கையாற் செய்யத்தக்கதே. ஆயிரம் முனைகளுக்கு 4,99,500 இணைகள். பத்து இலட்சம் முனைகளுக்கோ ஏறத்தாழ 50,000 கோடி இணைகள் ஆகும். முனைகள் பத்து மடங்காயின் உழைப்பு நூறு மடங்காகின்றது. கணிப்பொறிக்கும் இது பெருஞ்சுமை. ஆகவே, முனைகள் பத்து மடங்காயின் உழைப்பும் பத்து மடங்கே ஆகும் நெறியைக் காண்பது இன்றியமையாததாயிற்று. அத்தகைய நெறிகள் இரண்டு சிறப்புடையன.

3. இலை களையும் நெறி

முதல் நெறி மிக எளிமையானது. மரத்திலுள்ள இலைகள் அனைத்தையும் ஒருங்கே களைக. களைந்தபின் எஞ்சுவதும் ஒரு மரமே. அதிலுள்ள புதிய இலைகளையும் ஒருங்கே களைக. இவ்வாறு, எஞ்சும் முனை ஒன்றோ இரண்டோ ஆகும்வரை செய்க. எஞ்சியதே மையம்.

நம் எடுத்துக்காட்டில் முதற்சுற்றில் களையப்படும் இலைகள் ‘அ’, ‘எ’, ‘ஏ’, ‘ஐ’, ‘ஒ’, ‘ஓ’, ‘ஔ’ என ஏழு. எஞ்சுவன ‘ஆ’, ‘இ’, ‘ஈ’, ‘உ’, ‘ஊ’ என ஐந்து. இரண்டாம் சுற்றில் ‘ஆ’வும் ‘ஊ’வும் நீங்கும். மூன்றாம் சுற்றில் ‘இ’யும் ‘உ’வும் நீங்கும். ‘ஈ’ மட்டும் நிற்கும். சுற்றுகளின் எண்ணிக்கையாகிய 3 ஆரத்திற்குச் சமமாதலையும் காண்க.

இந்நெறி ஏன் தவறுவதில்லை? காரணம் பின்வருமாறு. மூன்றோ அதற்கு மேலோ முனைகளையுடைய மரத்தில், எம்முனையிலிருந்து நோக்கினும் மிகத் தொலைவிலுள்ளது ஓர் இலையாகவே இருத்தல் வேண்டும். இலையன்றாயின் அதனைக் கடந்து இன்னும் ஒரு விளிம்பு செல்லலாமன்றோ? இலைகளையெல்லாம் களைந்தால், அத்தொலைவு ஒன்று குறையும். ஒன்றுக்கு மேற்படக் குறைவதில்லை. ஏனெனில் அவ்விலைக்கு முந்திய முனை குறைந்தது இரண்டு விளிம்புகளைத் தொடுவதாதலின் இலையாகாது, களையப்படுவதும் இல்லை. ஆகவே எஞ்சிய முனைகள் அனைத்தின் எல்லைத்தொலைவும் ஒருபடித்தாய் ஒன்று குறைகின்றன. எல்லாம் சமமாகக் குறையுமாயின், எது சிறியதாக இருந்ததோ அதுவே தொடர்ந்து சிறியதாக இருக்கும். களையப்பட்ட இலையோ மையமாதல் இயலாது. ஏனெனில், இலையின் எல்லைத்தொலைவு அதனை ஒட்டிய முனையின் எல்லைத்தொலைவினும் ஒன்று மிகுதி. எனவே ஒவ்வொரு சுற்றிலும் மையம் மாறாமல் நிற்க, மரம் மட்டும் சுருங்கி வருகின்றது.

இந்நிறுவலிலிருந்து ஜோர்தான் கண்ட உண்மையும் உடன் பெறப்படுகின்றது. சுருங்கிச் சுருங்கி இறுதியில் எஞ்சுவது தனிமுனை ஒன்றாகவோ, ஒரு விளிம்பால் இணைந்த முனைகள் இரண்டாகவோ இருத்தல் வேண்டும். மூன்றாவது வகை இல்லை. ஒரு முனை எஞ்சின் ஒற்றை மையமுடைய மரம். இரண்டு எஞ்சின் இரட்டை மையமுடைய மரம். விட்டம் இரட்டைப்படை எண்ணாயின் முன்னது. ஒற்றைப்படை எண்ணாயின் பின்னது.

இந்நெறியைக் கணிப்பொறிக்கு உரிய படிமுறையாக்குங்கால் ஒரு நுட்பம் பேணப்படல் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இலைகளைத் தேடி எல்லா முனைகளையும் மீளமீளப் பார்த்தால் நெறியின் பயன் கெடும். சங்கிலிபோல் நீண்ட மரத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு இலைகளே நீங்குமாதலின், ஆயிரம் முனைகளுக்கு ஏறத்தாழ ஐந்நூறு சுற்றுகள் வேண்டும். சுற்றுதோறும் எல்லாவற்றையும் பார்த்தால் உழைப்பு முன்போலவே பெருகும். அதனைத் தவிர்க்கும் முறை இது: ஒவ்வொரு முனைக்கும் அது தொடும் விளிம்புகளின் எண்ணிக்கையை முன்னரே குறித்துக் கொள்க. தொடக்கத்தில் உள்ள இலைகளை ஒரு வரிசையில் நிறுத்துக. வரிசையின் தலையில் நிற்கும் இலையை எடுத்துக் களைந்து, அதனை ஒட்டிய முனையின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்க. கழித்தபின் அவ்வெண் 1 ஆயின், அம்முனையை வரிசையின் கடையில் நிறுத்துக. இவ்வாறு செய்யின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு முறையே நீக்கப்படும்; தேடுதல் என்பது இல்லை. பத்து இலட்சம் முனைகளுக்கும் நீக்க வேண்டிய விளிம்புகள் பத்து இலட்சத்தினும் ஒன்று குறைவே. நிறுத்துமிடத்தை மட்டும் சுற்றின் முடிவிலேயே பார்த்தல் வேண்டும். சுற்றின் இடையில் எஞ்சிய முனைகளை எண்ணி நிறுத்தினால், மூன்று எஞ்சிய நிலையில் ஓரிலை மட்டும் நீங்கியபோது இரட்டை மையம் எனப் பிழைபட முடிவு செய்ய நேரும்.

4. இருமுறை செல்லும் நெறி

இரண்டாம் நெறி நீண்ட வழியைக் கண்டு அதன் நடுவைக் கொள்வது. விரும்பிய ஏதேனுமொரு முனையில் தொடங்கி, அதனின்று மிகத் தொலைவிலுள்ள முனையைக் காண்க. பின்னர் அம்முனையில் நின்று, அதனின்று மிகத் தொலைவிலுள்ள முனையைக் காண்க. இவ்விரண்டாம் செலவில் கடந்த வழியே மரத்தின் மிக நீண்ட வழி. அதன் நடுவே மையம். நம் மரத்தில் ‘ஒ’வில் தொடங்கினால், மிகத் தொலைவிலுள்ளது ‘அ’, தொலைவு 5. ‘அ’வில் நின்று நோக்கினால் மிகத் தொலைவிலுள்ளது ‘எ’, தொலைவு 6. அவ்வழியின் நடுமுனை ‘ஈ’. முதல் நெறியால் கண்ட முடிவே ஈண்டும் கிடைக்கின்றது.

எங்குத் தொடங்கினும் முடிவு ஒன்றாதல் வியப்பாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் உண்டு. மிக நீண்ட வழி ஒன்றின் நடுப்புள்ளியை எண்ணுக. அப்புள்ளியிலிருந்து விட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட தொலைவில் எம்முனையும் இருத்தல் இயலாது. இருப்பின், அம்முனையிலிருந்து நடுப்புள்ளி வழியாக, அதன் கிளையில் அல்லாத கோடிக்குச் செல்லும் வழி விட்டத்தினும் நீண்டுவிடும். இனி, நாம் தொடங்கும் முனை நடுப்புள்ளியினின்று பிரியும் ஒரு கிளையில் உள்ளது. நீண்ட வழியின் இரு கோடிகளுள் ஒன்றேனும் வேறொரு கிளையில் இருத்தல் உறுதி. அக்கோடிக்குச் செல்ல நடுப்புள்ளியைக் கடந்தே ஆகல் வேண்டும். தொடங்கிய கிளையிலேயே உள்ள முனைகளோ நடுப்புள்ளி வரை செல்லாமலே அடையத்தக்கவை. அவற்றின் தொலைவு அதனினும் குறைவு. ஆகவே மிகத் தொலைவிலுள்ள முனை எப்பொழுதும் மற்றொரு கிளையில், நடுப்புள்ளியிலிருந்து சரியாகப் பாதிவிட்டத் தொலைவில் இருக்கும். அங்கிருந்து மீண்டும் சென்றால் இன்னொரு பாதி கூடி முழுவிட்டமும் கிடைக்கும்.

இரு நெறிகளும் உழைப்பால் ஒத்தவை. பயனால் ஒரு வேறுபாடு உண்டு. இதுவரை எல்லா விளிம்புகளும் ஒரே நீளமுடையன எனக் கொண்டோம். விளிம்புகளுக்கு வெவ்வேறு நீளம் உண்டாயின், ஒரு சுற்றில் எல்லா எல்லைத்தொலைவுகளும் சமமாகக் குறையும் என்னும் அடிப்படை தகர்ந்துபோகும். ஆதலின் இலை களையும் நெறியை அவ்வாறே கையாளுதல் பொருந்தாது. இருமுறை செல்லும் நெறியின் நிறுவலிலோ விளிம்பின் நீளம் ஒன்றே என்னும் கருத்து எங்கும் இல்லை. அந்நெறி அவ்வாறே செல்லும். நடுப்புள்ளி ஒரு முனையில் விழாமல் ஒரு விளிம்பின் இடையே விழலாம் என்பது மட்டுமே வேறுபாடு. சாலைகளின் அமைப்பில் பொதுநிலையம் ஒன்றை எங்கு அமைப்பது என்னும் வினாவை ஆராய்ந்த ஹக்கிமி 1964 ஆம் ஆண்டில் இத்தகைய விளிம்பிடை மையத்தைக் கருதினார். மரவடிவச் சாலைகளுக்கு இருமுறை செல்லும் நெறியை 1973 ஆம் ஆண்டில் ஹேண்ட்லர் வகுத்துரைத்தார்.

5. மையமும் நிறைமையமும்

மையம் என்னும் சொல்லால் பலர் இருவேறு பொருள்களை மயங்க உணர்கின்றனர். ஜோர்தானே 1869 ஆம் ஆண்டில் அவ்விரண்டையும் வேறுபடுத்தினார். ஒரு முனையை நீக்கினால் மரம் சில துண்டுகளாகப் பிரியும். அத்துண்டுகளுள் பெரியது எம்முனையை நீக்கும்போது மிகச் சிறியதாகின்றதோ, அம்முனை நிறைமையம் எனப்படும். எல்லா முனைகளுக்கும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் முனையும் இதுவே.

நம் மரத்தில் ‘ஈ’யை நீக்கினால் துண்டுகள் மூன்று, ஒன்று, ஏழு முனைகளையுடையன; பெரியது ஏழு. ‘உ’வை நீக்கினால் ஐந்து முனைகளையுடைய ஒரு துண்டும், இரண்டு முனைகளையுடைய ஒன்றும், தனிமுனைகள் நான்கும் கிடைக்கும், பெரியது ஐந்து. ஆகவே நிறைமையம் ‘உ’. தொலைவுகளின் கூட்டுத்தொகை ‘ஈ’யிலிருந்து 21, ‘உ’விலிருந்து 19. மையம் ‘ஈ’யாக, நிறைமையம் ‘உ’வாக வேறுபடுதல் காண்க.

நிறைமையத்தையும் இலை களைந்தே காணலாம். ஒவ்வொரு முனைக்கும் தொடக்கத்தில் எடை 1 எனக் கொள்க. இலையைக் களையுங்கால் அதன் எடையை ஒட்டிய முனைக்கு ஏற்றுக. எவ்விலையின் எடை மொத்த எடையின் பாதியை எட்டுகின்றதோ அல்லது மிகுகின்றதோ அதுவே நிறைமையம். இவ்வழியை 1971 ஆம் ஆண்டில் கோல்ட்மன் எடுத்துரைத்தார். இலைகளைச் சுற்றுச் சுற்றாகக் களைய வேண்டும் என்னும் கட்டுப்பாடு இதற்கில்லை. எவ்வொழுங்கில் களையினும் முடிவு பிழையாகாது.

ஊர்களின் அமைப்பை வைத்து இவ்வேறுபாட்டை விளங்கிக் கொள்ளலாம். மிகத் தொலைவில் வாழும் ஒருவனும் கைவிடப்படலாகாது என்று கருதி மருத்துவமனை அமைப்போன் மையத்தை நாடுவான். எல்லோருடைய நடையும் சேர்ந்து குறைதல் வேண்டும் என்று கருதிச் சந்தை அமைப்போன் நிறைமையத்தை நாடுவான். எது சிறந்தது என்பதைக் கணிதம் சொல்லாது. எதனை வேண்டுகின்றோம் என்பதே துணியும்.

6. மையத்தின் பயன்

வேரற்ற மரத்திற்கு ஐயமின்றி ஒரு வேரை அளிப்பதே மையத்தின் தலையாய பயன். வேதியியலில் கார்பன் அணுக்கள் கிளைகளாய் இணைந்த சேர்மங்கள் மரங்களாகவே அமைவன. ஒரே எண்ணிக்கையுள்ள கார்பன் அணுக்களால் எத்தனை வகைச் சேர்மங்கள் அமையலாம் என்று கேலி 1870-களில் எண்ணப் புகுந்தபோது, ஒரே மரத்தைப் பலமுறை எண்ணிவிடும் இடர் எழுந்தது. மையத்தில் தொடங்கி எண்ணுவதன்வழி அவர் அவ்விடரைக் கடந்தார். நிறைவுற்ற நீரகக் கரிமங்களில் நான்கு கார்பனுக்கு 2 வகை, ஐந்திற்கு 3, ஆறிற்கு 5, ஏழிற்கு 9, பத்திற்கு 75 என்று அவ்வெண்ணிக்கை வளர்கின்றது. இரு மரங்கள் உருவால் ஒன்றோ வேறோ என்று துணிதற்கும் இதுவே வழி. இரண்டின் மையங்களையும் கண்டு, அவற்றை வேராகக் கொண்டு கிளைகளை ஒப்பிட்டால், முனைகளின் எண்ணிக்கைக்கு நேரான உழைப்பில் விடை கிடைக்கும்.

7. சுவடிமரமும் மையமும்

இனி, முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். உயிரினங்களின் வழிமரத்தை ஆராய்வோர், வேர் தெரியாதவிடத்து மிக நீண்ட வழியின் நடுப்புள்ளியில் வேரூன்றும் முறையைக் கையாளுகின்றனர். 1972 ஆம் ஆண்டில் ஃபாரிஸ் இதனை எடுத்துரைத்தார். உயிரினங்களுக்கென வகுத்த இத்தகைய கணிப்புகள் பின்னர்ச் சுவடிகளுக்கும் வந்தன. சாசர் என்னும் ஆங்கிலப் புலவரின் கேன்டர்பரிக் கதைகளின் ஒரு பகுதிக்குரிய பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவடிகள் 58-ஐ இம்முறைகளால் ஒப்பிட்ட ஆய்வு 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேறுபாடுகளின் எண்ணிக்கை விளிம்பின் நீளம், சுவடி இலைமுனை, மறைந்துபோன தாய்ச்சுவடி உள்முனை. கணிதத்தின் மொழி சுவடியியலுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துதல் மகிழ்தற்குரியது. ஆயின், பொருந்தாத இடங்களையும் காண்டல் வேண்டும்.

முதலாவது, நடுப்புள்ளியை மூலம் எனக் கொள்வதன் அடியில் ஒரு கருத்து ஒளிந்துள்ளது. எல்லாக் கிளைகளிலும் மாற்றம் ஒரே அளவில் நிகழ்ந்தது என்பதே அது. சுவடி எழுதுவோர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர். மூலம் ஒன்றிலிருந்து நேரே படியெடுத்த மூன்று சுவடிகள் உள்ளன என்று கொள்வோம். முதலாமவர் 10 இடங்களிலும், இரண்டாமவர் 12 இடங்களிலும், கருத்தற்ற மூன்றாமவர் 40 இடங்களிலும் வேறுபட எழுதினர் எனின், இரண்டாம் மூன்றாம் சுவடிகளுக்கிடையே தொலைவு 52. இதுவே மிக நீண்ட வழி. அதன் நடு 26. அப்புள்ளி இரண்டாம் சுவடியிலிருந்து மூலத்தைக் கடந்து, மூன்றாம் சுவடியின் கிளையில் 14 வேறுபாடுகள் தொலைவில் விழும். கணக்கில் பிழையில்லை, எனினும் மிகுதியாகப் பிழைபட எழுதியவரின் பக்கம் மூலம் இழுக்கப்பட்டுவிட்டது. அம்மையத்தை நம்பும் பதிப்பு, கருத்தற்றவரின் பிழைகளுள் சிலவற்றைப் பழம்பாடமாக ஏற்கும். நிறைமையத்தை நாடுவதும் இதற்குத் தீர்வாகாது. மிகுதியாகப் படியெடுக்கப்பட்ட கிளையின் பக்கம் அது சாயும். ஒரு மடத்தில் ஒரே சுவடியினின்று இருபது படிகள் எடுக்கப்பட்டமையால் மட்டும் அச்சுவடி பழமையுடையதாகிவிடாது.

இரண்டாவது, எவ்வேறுபாட்டை எண்ணுவது என்னும் வினா. தமிழ் ஏடுகளில் இது தனிச்சிறப்புடையது. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி எழுதப்படுதல் பெருவழக்கு. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபாடின்றி நிற்கும். ஆகாரக் குறியாகிய காலும் ரகரமும் ஒத்துத் தோன்றும். இவை காரணமாக எழும் வேறுபாடுகள் ஏட்டில் உள்ளனவல்ல, படிப்போரால் விளைவன. தாயும் சேயும் அல்லாத இரு சுவடிகள் இவற்றில் தற்செயலாக ஒத்துப்போகலாம். இவற்றையும் சொல் மாற்றம், அடி விடுபாடு ஆகியவற்றோடு ஒருநிகராக எண்ணினால் விளிம்புகளின் நீளம் பொய்படும். நீளம் பொய்படின், விட்டமும் மையமும் பொய்படும். படிமுறை எவ்வளவு விரைவாயினும் இக்குறையைத் தீர்க்க வல்லதன்று.

மூன்றாவது, சுவடிகளின் உறவு மரமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. கற்றறிந்த ஒருவர் இரு சுவடிகளைக் கைக்கொண்டு, ஒன்றில் ஐயுற்ற இடத்தில் மற்றொன்றைப் பின்பற்றி எழுதினால், அவர் சுவடிக்குத் தாயர் இருவராவர். அவ்விடத்துக் கோட்டுருவில் ஒரு சுழல் தோன்றும். ஈண்டு இலை களையும் நெறி ஓர் எதிர்பாராத உதவியைச் செய்கின்றது. சுழலிலுள்ள எம்முனையும் எந்நாளும் இலையாவதில்லை. ஆதலின் களைதல் ஓரிடத்தில் நின்றுவிடும். எஞ்சுவன மூன்றோ அதற்கு மேலோ ஆகும். அவ்வாறு நிற்குமாயின், சுழல் உண்டு என்பதும், எஞ்சிய முனைகளிடையே அதனைத் தேட வேண்டும் என்பதும் தெளிவாகும். உறவுகளை எவ்வகையானும் மரமாகவே வரைவது என்னும் முன்முடிவோடு தொடங்குவோர்க்கு இவ்வெச்சரிக்கை கிட்டாது.

அங்ஙனமாயின் வேரை எவ்வாறு காண்பது? திசை காட்டும் சான்றுகளால் என்க. இரண்டு பாடங்களுள் எது மற்றொன்றிலிருந்து திரிந்திருத்தல் கூடும் என்பதைத் தளையும் தொடையும் காட்டும் இடங்கள் உண்டு. அருஞ்சொல் எளிய சொல்லாகத் திரிதல் இயல்பு. எளிய சொல் அருஞ்சொல்லாகத் திரிதல் அரிது. இவற்றினும் சிறந்த சான்று உரையாசிரியர்களின் மேற்கோள். இளம்பூரணர், நச்சினார்க்கினியர் முதலியோர் தம் உரைகளில் எடுத்தாண்ட பழம்பாடல்களின் பாடம், இன்றுள்ள ஏடுகளினும் முற்பட்ட நிலையைக் காட்டவல்லது. இத்தகைய புறச்சான்று மரத்தின் எவ்விளிம்பில் வந்து இணைகின்றதோ, அவ்விளிம்பின் அருகே வேரைத் தேடுதல் தகும். 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியதோடு மேற்கோள்களையும் தேடித் தொகுத்தார். கோட்டுருவின் மொழியிற் கூறின், அவர் மரத்தின் வடிவை மட்டுமன்றி அதன் திசையையும் நாடினார் எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மரத்தின் மையம் ஒன்றோ அடுத்தடுத்த இரண்டோ ஆம் என்பதும், இலை களைந்தோ இருமுறை சென்றோ அதனை முனைகளின் எண்ணிக்கைக்கு நேரான உழைப்பிற் காணலாம் என்பதும், விளிம்புகளின் நீளம் வேறுபடுமிடத்துப் பின்னதே பொருந்தும் என்பதும் பெறப்பட்டன. மையம் மரத்தின் வடிவிற்கு உரிய பண்பு. மூலம் வரலாற்றிற்கு உரிய உண்மை. மாற்றம் எங்கும் ஒரே அளவினதாய் நிகழ்ந்தவிடத்து அவ்விரண்டும் ஒன்றையொன்று அணுகும், நிகழாதவிடத்து விலகும். ஆகவே மையத்தைப் பதிப்பாசிரியர் முடிவாகக் கொள்ளாது, ஆய்வைத் தொடங்கும் இடமாகக் கொள்ளல் வேண்டும். மையம் ஓரிடத்திலும், யாப்பும் மேற்கோளும் காட்டும் வேர் வேறோரிடத்திலும் அமையுமாயின், அவ்விடைவெளியே எக்கிளையில் எழுதுவோர் மிகுதியாகத் திரித்தனர் என்பதைச் சுட்டும். தமிழ் ஏடுகளின் பாட வேறுபாடுகளை எழுத்து மயக்கத்தால் வந்தவை, பிறவாற்றால் வந்தவை எனப் பகுத்து அட்டவணைப்படுத்தும் பணியை இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்வாராயின், இந்நெறிகளைத் தமிழ் நூல்களில் தக்கவாறு கையாளும் வாய்ப்பு உண்டாகும்.